ஆறாம் வகுப்பின் வாசற்படி

கோவை மாநகரின் விளிம்பில் உள்ள ஒரு பங்கில், மாலை வேளைகளில் கோவில் மண்டபத்தில் நடைபெறும் பாட வகுப்பைக் காணச் சென்றிருந்தோம். அருகிலுள்ள பட்டறைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் வேலை செய்வோரின் பிள்ளைகள், எல்லாச் சமயத்தவரும், தரையில் அமர்ந்திருந்தனர். ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் ஆங்கிலக் குறிப்பேட்டை நம்மிடம் நீட்டினான். முத்து முத்தான கையெழுத்து. பாடம் முழுவதையும் ஒரு புள்ளி பிசகாமல் எழுதியிருந்தான். முதல் வரியை வாசிக்கச் சொன்னோம். தலை குனிந்தான். தமிழ்ப் பாடநூலைக் கொடுத்தோம். எழுத்தெழுத்தாகத் தடவிச் சென்று நான்காம் சொல்லில் நின்றுவிட்டான். பிறகு, இப்பகுதிப் பிள்ளைகளுக்கே உரிய பணிவோடு சொன்னான்: "எழுதத் தெரியுமுங்க. படிக்கத்தான் தெரியாதுங்க."

அவன் எழுதவில்லை, வரைந்திருக்கிறான் என்பது அப்போதுதான் நமக்குப் புலப்பட்டது. கோலத்தின் இழைகளைப் பார்த்துப் போடுவதுபோல ஆங்கில எழுத்துகளின் வளைவுகளைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறான். ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிக்குத் தவறாமல் சென்றவன் அவன். அவனுக்கு அறிவுக் குறைவு ஏதுமில்லை. பேருந்தில் சில்லறைக் கணக்கை நடத்துநருக்கு முன்பே சொல்லிவிடுகிறான் என்று அங்குள்ள இளம்பெண், மாலை வகுப்பின் தன்னார்வ ஆசிரியை, நம்மிடம் கூறினார்.

வீடு திரும்பிய பின்னும் அச்சொற்கள் நம்மை விடவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்கிறான். ஆறாம் வகுப்பு முதல் வாசித்துக் கற்கிறான். இதுவே நடுநிலைப் பள்ளி என்னும் அமைப்பின் அடியில் இருக்கும் எண்ணம். அந்த வாசற்படியில் வாசிக்கத் தெரியாமல் வந்து நிற்கும் பிள்ளையை என் செய்வது என்பதற்கு அமைப்பிடம் விடை இருந்ததா? கொங்கு நாட்டின் கல்வி வரலாற்றை இந்த ஒரு கேள்வியோடு புரட்டிப் பார்த்தால், பயிற்று மொழி எது என்ற வழக்கு பக்கம் பக்கமாக நடந்திருப்பதையும், வாசற்படியில் நின்ற பிள்ளையைப் பற்றிய பேச்சு அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருப்பதையும் காண்கிறோம்.

தொடக்கத்தில் வாசற்படியே இருக்கவில்லை. 1822-ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் தம் பகுதியிலுள்ள நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்புமாறு ஆணையிட்டார். அப்போது கோவை ஆட்சியராக இருந்தவர், உதகையை உருவாக்கியவர் என்று நாம் அறியும் ஜான் சல்லிவன். அவர் அனுப்பிய கணக்கில் கோவை மாவட்டத்தில் 763 பள்ளிகள் இருந்தன. மாகாணம் முழுவதற்குமான தொகை 12,498. இவையெல்லாம் பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதி, பின் ஓலைக்கு ஏறி, அரிச்சுவடியும் எண்சுவடியும் ஆத்திசூடியும் பாடம் செய்து, கடிதமும் பத்திரமும் படிக்கத் தெரிந்த அளவில் பிள்ளை வெளியேறுவான். வகுப்பு என்ற ஒன்று இல்லை. ஆகவே வகுப்பில் பின்தங்குவது என்ற ஒன்றும் இல்லை. மணலைத் தாண்டாதவன் மணலிலேயே இருப்பான்; அவனுக்கு மூத்த சட்டாம்பிள்ளை அவன் விரலைப் பிடித்துக் கொண்டிருப்பான்.

இதைச் சொல்லும்போது பழைமையைப் போற்றிப் பாட நமக்கு விருப்பமில்லை. அத்திண்ணையில் யார் ஏற முடிந்தது, யார் ஏற முடியவில்லை என்பதை நாம் அறிவோம். பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டோருக்குத் திண்ணை என்றுமே எட்டாத உயரம். பிரம்படியும் கோதண்டமும் வேறு இருந்தன. ஆயினும் அங்கே இருந்த ஒரு வழக்கம் கடல் கடந்து சென்ற கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதி ஒன்று 1789-இல் தொடங்கியது. அதன் பொறுப்பில் இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு. தம் ஆசிரியர்கள் எழுத்துகளைக் கற்பிக்கத் திணறுவதைக் கண்டு வருந்தியிருந்த அவர், ஒரு நாள் நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் விடுதியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். ஆசிரியர்கள் முகம் சுளித்தனர். பெல் அவர்களை விட்டுவிட்டு, எழுத்தறிந்த ஒரு சிறுவனை அழைத்து, சின்னஞ்சிறுவர்களுக்குக் கற்பிக்கும் வேலையை அவனிடமே ஒப்படைத்தார். ஆசிரியர்களால் இயலாததை அச்சிறுவன் செய்து காட்டினான். 1797-இல் பெல் இலண்டனில் வெளியிட்ட சிறு நூலின் வழியே இம்முறை 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்து முழுவதும் பரவியது. நம் சட்டாம்பிள்ளை இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தான் என்று சொன்னால் அது மிகையாகாது. பின்னர் அதே இங்கிலாந்திலிருந்து வகுப்புகளும் தேர்வுகளும் நமக்கு வந்து சேர்ந்தபோது, சட்டாம்பிள்ளை மட்டும் வரவில்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். பிற மொழியைத் தொடக்கத்திலிருந்து கற்பதன் இடர் என்ன என்பதை நம் மண்ணில் முதலில் உணர்ந்து எழுதியவர்கள் மறைபரப்பாளர்களே. அவர்கள் இங்கே ஆசிரியர்களாக ஆகுமுன் மாணவர்களாக இருந்தார்கள். 1623-இல் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தமிழ் எழுத்துகளை வயது வந்த பின் பயின்றவர். வீரமாமுனிவருக்கு எழுத்தே இடறியது. ஓலையில் புள்ளி இட்டால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர். எகரம் குறிலா நெடிலா, ஒகரம் குறிலா நெடிலா என்று சொல்லின் பொருளை அறிந்தவனுக்கே விளங்கும். பிறவியிலேயே தமிழ் பேசியவனுக்கு அது குறையாகத் தோன்றவில்லை. புதிதாய்க் கற்றவருக்குத் தோன்றியது. இன்று நாம் எழுதும் ஏகார ஓகார வடிவங்கள் அவர் செய்த திருத்தம் என்று நம் இலக்கிய வரலாறு கூறுகிறது. இருநூறு ஆண்டுகள் கழித்து, ஈரோட்டைச் சேர்ந்த பெரியார் ஈ.வெ.ரா., 1935-இல் தம் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். ணா, றா, னா, லை, னை முதலியவற்றுக்கு இருந்த தனி வடிவங்களை விலக்கினார். 1978-இல் தமிழக அரசு அதனை ஏற்றது. சமயத்தைப் பொறுத்தவரை இவ்விருவரும் எதிரெதிர் துருவங்கள். முதன்முதலாக எழுத்துக் கூட்டும் ஒருவனின் கண்ணால் தமிழைப் பார்த்ததில் இருவரும் ஒன்றே.

கோவை மறைபரப்புத் தளத்தின் முதல் ஆயர் மரியோன் பிரெசில்லாக் 1842-இல் புதுச்சேரியில் வந்திறங்கியவர். 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இம்மண்ணின் மைந்தர்களே குருக்களாக வேண்டும் என்று வாதிட்ட அவருக்கு, அதற்கு முதல் தேவை பள்ளி என்பது விளங்கியிருந்தது. 1853-இல் கோவையில் அருட்தந்தை ஜோசப் லூயி ராவேல் தொடங்கிய பிரசன்டேஷன் சகோதரிகள் சபை, திண்ணையில் ஏற முடியாதிருந்த பெண் பிள்ளைகளுக்கு ஏட்டைக் கொடுத்தது. இலண்டன் மிஷனைச் சார்ந்த ஆடிஸ் ஐயர் 1830-லேயே கோவைக்கு வந்து பணி தொடங்கிவிட்டார் என்பதையும் நன்றியோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரசினர் பள்ளி 1852-இல் வந்தது. இன்றைய கோவை அரசு கலைக் கல்லூரியின் வித்து அது. அதன் பெயர் ஆங்கிலோ-வெர்னாகுலர் பள்ளி, அதாவது ஆங்கிலமும் நாட்டு மொழியும் இணைந்த பள்ளி. பெயரில் இருந்த இணைப்பு நடைமுறையில் நெடுநாள் நிலைக்கவில்லை. 1854-இல் வந்த வுட் அறிக்கை, பொதுமக்களுக்கு நாட்டு மொழியும் உயர்கல்விக்கு ஆங்கிலமும் என்று வகுத்தது. தொடக்கக் கல்வி தமிழில், உயர்நிலை ஆங்கிலத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அப்பாலமே நடுநிலைப் பள்ளி. ஆனால் அங்கே பாலம் கட்டுவதற்கு முன் சுங்கச்சாவடி கட்டினார்கள்: 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'மிடில் ஸ்கூல்' தேர்வு என்ற அரசுத் தேர்வு வந்தது. தேறியவனுக்குக் கச்சேரியில் எழுத்தர் வேலை கிட்டும். தேறாதவன் எங்கே போனான் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

கொங்கு நாட்டில் அவன் எங்கே போனான் என்று ஊகிப்பது கடினமன்று. தறிக்குப் போனான், தோட்டத்துக்குப் போனான், 1888-இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் துணையோடு கோவையில் முதல் நூற்பாலை எழுந்த பின் ஆலைக்குப் போனான். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து ஆலைகள் பெருகியபோது இன்னும் பலர் போயினர். இங்கே மற்றொன்றையும் மறக்கலாகாது. கொங்கு நாட்டு வகுப்பறை என்றுமே ஒரு மொழி பேசியதில்லை. தேவாங்க நெசவாளரின் வீட்டில் கன்னடம். நாயுடு குடும்பங்களில் தெலுங்கு. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர்களில் மலையாளம். ஆனைகட்டி மலையில் இருளர் மொழி. வீட்டு மொழி வேறாகவும் ஏட்டு மொழி வேறாகவும் வந்த பிள்ளைகள் இங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழ் கற்றிருக்கிறார்கள். அதன் மேல் ஆங்கிலமும் கற்றிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் தடுமாறிய நெசவாளர் மகனுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழியன்று, மூன்றாம் மொழி. அவனுடைய ஆசிரியருக்கு அது தெரிந்திருந்ததா?

இப்படி இடையிலே விலகும் பிள்ளையை மனத்தில் வைத்துச் சிந்தித்த ஓர் ஆங்கிலேயர் வங்காளத்தில் இருந்தார். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1926-இல் இருமொழிக் கல்வி பற்றி ஓர் ஆய்வு நூலை வெளியிட்டார். ஆயுள் காப்பீட்டு வணிகத்திலிருந்து அவர் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்: சரண்டர் மதிப்பு. பாலிசியை இடையிலே நிறுத்தினால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டல்லவா? அதுபோலவே பாடத்திட்டத்தையும் கேட்க வேண்டும் என்றார் அவர். பட்டம் வரை செல்பவனுக்கு இப்பாடம் பயன்படுமா என்பது எளிய கேள்வி. மூன்றாம் ஆண்டில் நின்றுவிடுபவன் கையில் என்ன இருக்கும்? பல ஆண்டுகள் கட்டி, முதிர்வுக்கு முன் நிறுத்தியவனுக்கு ஒன்றுமே திரும்பக் கிடைக்காத பாலிசியை நாம் வாங்குவோமா? பெரும்பாலான பிள்ளைகள் இடையில் நின்றுவிடும் நாட்டில், முதலில் அவர்களை வாசிக்க வைத்துவிடுங்கள், பேச்சும் இலக்கணமும் பின்னர் வரட்டும் என்பது அவர் முடிவு. அம்முடிவில் பிழை காணலாம், கண்டவர் பலர். அவர் எழுப்பிய கேள்வியை விடச் சிறந்த ஒன்றை இந்தத் துறையில் நாம் கேட்டதில்லை.

நம் பகுதியில் எட்டாம் வகுப்பே நெடுங்காலம் முதிர்வு நாளாக இருந்தது. இ.எஸ்.எல்.சி. என்னும் எட்டாம் வகுப்புச் சான்றிதழை இரும்புப் பெட்டியில் காத்து வைத்திருக்கும் முதியவர்களை நாம் எல்லாருமே அறிவோம். நாமக்கல், சங்ககிரி லாரிகளை ஓட்டிய எத்தனையோ பேருக்கு அதுவே கல்வியின் எல்லை. சரக்கு வாகன ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019-இல்தான் நீக்கப்பட்டது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் கொங்கு நாட்டவர் இருவர் மாகாணத்தின் கல்விப் பொறுப்பை ஏற்றனர். திருப்பூரைச் சேர்ந்த தி.சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சர். கோவையில் 1930-இல் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர் அவர். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழே பயிற்று மொழியாக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். வெறும் ஆணையால் அது ஆகாது, தமிழில் படிக்க நூல் வேண்டும் என்று 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அதன் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை வெளிவந்தது. தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன், ஈரோட்டுப் பகுதிக்காரர். அவரும் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவரே. அதை முடித்த கையோடு குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளையும் அவர் உருவாக்கினார். ஒரு பெரிய அறிஞர், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே எடுத்து வாசிக்கத்தக்க நடையில் அறிவியலையும் வரலாற்றையும் எழுதுவிக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சு நெகிழ்கிறது. அத்தொகுதிகள் இன்று எத்தனை பள்ளி நூலகங்களில் பூட்டிய அலமாரிக்குள் இருக்கின்றனவோ!

அடுத்தவர் பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த சி. சுப்பிரமணியம். 1953-இல் இராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் 1954-இல் கைவிடப்பட்டதற்குக் கல்வி அமைச்சராக அவரே சாட்சி. 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பைத் தமிழில் நடத்திப் பார்க்கும் முன்னோட்டமும் அவர் காலத்தில்தான் தொடங்கியது. மேல்தளத்தில் இவ்வளவு நடந்துகொண்டிருக்க, கீழே ஆங்கிலத்தை முதன்முதலாகக் கற்கும் பிள்ளைக்கு என்ன கற்பிப்பது என்ற கேள்வியும் அதே ஆண்டுகளில் எழுந்தது. விடையாக வந்தது ஒரு பனிப்பந்து.

பனிப்பந்து நம் பக்கத்து உவமையன்று. மலைச்சரிவில் உருட்டிவிட்ட சிறு பந்து உருள உருளப் பெருக்குமாம். 1950-களின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு சென்னை மாநில அரசு, ஆங்கிலத்தைத் தொடக்க நிலையில் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்க முனைந்தது. முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டங்களுக்குச் சென்று பலருக்குப் பயிற்சி. அப்பலர் மேலும் பலருக்கு. கற்பிக்கும் முறை, வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து அரியதற்கு வரிசைப்படுத்தி, பொருளைக் கையில் காட்டி, வாயால் சொல்லிப் பழக்குவது. ஆசிரியர் நூலை உயர்த்தி "திஸ் இஸ் எ புக்" என்பார். வகுப்பு முழுவதும் மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்வதுபோல ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். அந்நாளில் படித்தவர்களுக்கு இக்குரல் இன்றும் காதில் ஒலிக்கும்.

இம்முயற்சியை ஏளனம் செய்ய நமக்கு மனமில்லை. இலக்கணச் சூத்திரத்தை உருப்போட வைத்த காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். ஆயினும் பனிப்பந்து உருளும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் உருகியது. முதல் கையில் இருந்த காரணம் கடைசிக் கைக்குச் சேரவில்லை. வாய்பாடு மட்டும் சேர்ந்தது. ஆங்கிலத்தில் தாமே நான்கு வாக்கியம் பேசத் தயங்கிய ஆசிரியர், அந்நான்கையே ஆண்டு முழுவதும் சொல்ல வைத்தார். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வகுப்பு ஒரே குரலில் பதில் சொல்லும்போது வாசிக்கத் தெரியாதவனின் குரல் மற்றவர் குரலில் மறைந்துகொள்கிறது. நாம் கண்ட சிறுவனும் அப்படித்தான் மறைந்திருந்தான். அவன் மறைந்துகொண்டது அழகான கையெழுத்துக்குள்.

பின்வந்த கதையை விரைந்து சொல்லலாம். 1968-இல் இருமொழிக் கொள்கை. 1970-களின் இறுதியில் மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்கெனத் தனி வாரியம். அதன்பின் கொங்கு நாட்டின் சிற்றூர்களிலும் ஆங்கில வழிப் பள்ளி வண்டிகள். அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள். இங்கே நம்மைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். நம் வளாகங்கள் பலவற்றில் ஒரே மதிலுக்குள் இரண்டு பள்ளிகள் உண்டு: உதவி பெறும் தமிழ் வழிப் பள்ளி ஒன்று, கட்டணம் பெறும் ஆங்கில வழிப் பள்ளி ஒன்று. ஒரே மணி இரண்டுக்கும் அடிக்கிறது. எந்தப் பிள்ளை எந்த வாயில் வழியே நுழைகிறது என்பதை வைத்து அதன் தந்தையின் வருவாயைச் சொல்லிவிடலாம். ஏழைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்குப் பெற்றோர் ஏன் வரவில்லை என்று நாம் வருந்துகிறோம். நம் சொந்தப் பிள்ளைகளை எந்த வாயிலில் விடுகிறோம் என்பதைப் பேசுவதில்லை.

2009-இன் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் தேக்கி வைக்கலாகாது என்றது. நல்ல நோக்கம், தோல்வி அடைந்த பிள்ளை மீண்டும் வந்து அமர்வதில்லை, ஆலைக்கே போகிறது என்பதை இம்மாவட்டங்களில் கண்ணாரக் கண்டோம். ஆயினும் தேக்காமல் அனுப்புவதும் கைகொடுத்து ஏற்றுவதும் ஒன்றாகா. 2005 முதல் ஊரகப் பிள்ளைகளிடம் நடத்தப்படும் 'அசர்' ஆய்வு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயலவில்லை என்று நாடு முழுவதும் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறது. அவர்கள் அனைவரும் மறு ஆண்டு ஆறாம் வகுப்பில் இருப்பார்கள்.

வாசற்படியில் நின்ற பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த ஒரு குருவை நம் வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். இத்தாலியில் ஃபுளோரன்சுக்கு அப்பால் மலைமேல் இருக்கும் பார்பியானா என்னும் சிற்றூருக்கு 1954 டிசம்பரில் அனுப்பப்பட்டவர் அருட்தந்தை லொரென்சோ மிலானி. அனுப்பப்பட்டார் என்பதை விட ஒதுக்கப்பட்டார் என்பதே பொருந்தும். அங்கே சில வீடுகள், உழவர் குடும்பங்கள், கீழே உள்ள பள்ளியில் தோற்று வெளியேறிய பிள்ளைகள். கோவில் வீட்டிலேயே அவர்களுக்குப் பள்ளி தொடங்கினார். நாள் முழுவதும் பள்ளி, ஞாயிறும் பள்ளி. செய்தித்தாளை வரி வரியாக வாசித்தார்கள். தெரியாத சொல் வந்தால் அச்சொல் தெளியும் வரை நகர்வதில்லை. மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான். பிற மொழிகளும் அங்கே கற்பிக்கப்பட்டன. இத்தாலியில் 1962-இல் நடுநிலைக் கல்வி எல்லாருக்கும் ஒன்றாகவும் கட்டாயமாகவும் ஆக்கப்பட்டது. ஆயினும் ஏழைகளின் பிள்ளைகளே தொடர்ந்து தோற்றார்கள். பார்பியானா மாணவர் எண்மர், தோற்றவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று தந்தையரின் தொழில்வாரியாகக் கணக்கெடுத்து, 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்னும் நூலை 1967 மே மாதத்தில் வெளியிட்டனர். அடுத்த மாதமே தந்தை மிலானி நாற்பத்து நான்காம் வயதில் இறந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அம்மலைக்கு ஏறிச் சென்று அவர் கல்லறையில் செபித்தார்.

சட்டத்தின் வழியாகவும் இக்கேள்வி ஓரிடத்தில் விடை கண்டது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஆங்கிலம் அறியாத சீன மாணவர் ஏறத்தாழ 1,800 பேர் தனி உதவி ஏதுமின்றி ஆங்கில வகுப்பில் அமர்த்தப்பட்டிருந்தனர். எல்லாருக்கும் ஒரே நூல், ஒரே ஆசிரியர், ஒரே பாடம். இதில் பாகுபாடு எங்கே என்று கேட்டது நிர்வாகம். மொழி விளங்காதவனுக்கு அதே நூலைக் கொடுப்பது சமத்துவமாகாது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1974 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

அச்சீனப் பிள்ளைகள் இன்று நம் அருகிலேயே இருக்கிறார்கள். கோவையின் வார்ப்படச் சாலைகளுக்கும் திருப்பூரின் பனியன் ஆலைகளுக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். தங்கள் ஊரில் நான்காம் வகுப்பு முடித்து, சரளமாக ஒடியாவில் வாசிக்கும் சிறுமி, இங்கே தமிழ் எழுத்தின் முன் மணலில் விரல் வைக்கும் நிலைக்குத் திரும்புகிறாள். ஒரு காலத்தில் ஆங்கிலத்தின் முன் நாம் நின்ற இடத்தில் இப்போது தமிழின் முன் அவள் நிற்கிறாள். அவர்களுக்காகத் 'தமிழ் மொழி கற்போம்' என்ற திட்டத்தை அரசு நடத்துகிறது. 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தெருவிலேயே ஓர் அக்காளைக் கொடுத்தது; அதில் நம் சட்டாம்பிள்ளையின் சாயலைக் கண்டு மகிழ்ந்தோம். 2025-26 கல்வியாண்டில் தொடங்கிய 'திறன்' இயக்கம், 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றில் அடிப்படையே இல்லாத பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்கெனத் தனிப் பயிற்சி தருகிறது. ஆறாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அமைப்பே வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அங்கிருந்து தொடங்குவதை நாம் பெரிதாகவே மதிக்கிறோம். பனிப்பந்துக்கு நேர்ந்தது இதற்கும் நேருமா என்பது கடைசிக் கையில் இருக்கும் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை பதிவேடுகள் என்பதைப் பொறுத்தது.

சில மாதங்கள் கழித்து அதே மண்டபத்துக்கு மீண்டும் சென்றோம். அந்த இளம்பெண் பாடநூலை மூடி வைத்துவிட்டிருந்தார். சிறுவன் நாள்தோறும் ஏறி இறங்கும் நகரப் பேருந்தின் பெயர்ப் பலகைகளை அட்டையில் எழுதி வைத்திருந்தார். சிங்காநல்லூர், காந்திபுரம், உக்கடம். ஊர் தெரிந்தவனுக்கு எழுத்து வசப்பட அதிக நாள் ஆகவில்லையாம். இப்போது அதே பெயர்கள் ஆங்கில எழுத்தில். அவன் விரலை வைத்து, யு, கே, கே என்று கூட்டிக்கொண்டே வந்து நின்றான்.

"எதுக்குங்க்கா ரெண்டு கே?" என்றான்.

அவர் பதில் சொல்லவில்லை, காத்திருந்தார். அவன் தமிழ் அட்டையை எடுத்து ஆங்கில அட்டையின் மேலே வைத்துப் பார்த்தான். "அட, நம்ம உக்கடத்துலயும் ரெண்டு 'க' வருதுங்கல்ல? அதேதானுங்க்கா இது."

அவனுக்குப் பக்கத்தில், சில வாரங்களாகத்தான் வந்துகொண்டிருக்கும் ஓர் ஒடியாச் சிறுமி அமர்ந்திருந்தாள். அவன் தமிழ் அட்டையை அவள் பக்கம் திருப்பி, "இங்க பாரு, இது 'க'" என்றான். அவள் தரையில் விரலால் எழுதிப் பார்த்தாள்.